என்னைக் காரணம் சொல்லாதே

சரவணா,

இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீல டிக் விழும், "ஓகே மா" என்று ஒரு வரி வரும், அதோடு பேச்சு முடிந்தது. நேரில் சொல்லலாம் என்றால் நீ டிவி சத்தத்தைக் கூட்டுவாய், இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத வசதியான இடமும் கிடைத்திருக்கிறது. இரத்தம் கழுவும் மையத்தில் என் நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன். இடது கை இயந்திரத்தோடு கட்டிக் கிடக்கிறது, வலது கை சும்மாதான் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் மலாய்க்கார அக்கா வாயைத் திறந்தபடி தூங்குகிறார். ஏர்கோனை ஏன் இவ்வளவு குளிராக வைக்கிறார்களோ தெரியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் குளிர்தான் காரணம் என்று எடுத்துக்கொள். காலையில் வேன் ஏறும்போது கோபமாக இருந்தேன். இங்கே வந்து படுத்த பிறகு கோபம் இறங்கி, வருத்தம்தான் மிச்சம் இருக்கிறது.

போன வாரம் இங்கே கஸ்தூரியின் கம்பெனி ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் செய்த புதிய டயாலிசிஸ் இயந்திரம் இரண்டை இந்த மையத்தில் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அவை எப்படி ஓடுகின்றன என்று பார்க்க வந்தார்கள். உன் பெண்டாட்டி வரவில்லை. அவளுடைய மேலதிகாரி மிஸ் ஊய் வந்தார். தீபாவளிக்கு நம் வீட்டுக்கு வந்தவர் என்பதால் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். கிட்டே வந்து என் காலைத் தொட்டுப் பார்த்தார், வீக்கம் இருக்கிறதா என்று. பிறகு மலாயில் கேட்டார். தமிழில் எழுதுகிறேன்.

"ஆண்ட்டி, யார் கூட வந்தீங்க?"

"யாரும் இல்ல. மையத்து வேன்ல வருவேன், வேன்ல போவேன்."

"அப்ப கஸ்தூரி கூட்டிட்டு வர்றது இல்லையா?"

"அவளுக்கு வேலை இருக்கே, மிஸ். நான் நல்லாத்தானே நடக்கிறேன்."

அந்த அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னார். "கஸ்தூரி இல்லாம உங்களால ஒண்ணும் முடியாதுன்னு நெனச்சேன் ஆண்ட்டி. உங்க மகன் சொன்னாரே. அதனாலதான் வெளிநாட்டு டிரெய்னிங் லிஸ்ட்லேர்ந்து அவ பேரை எடுத்துட்டேன். பாவம், அவளுக்குச் சங்கடம் வேணாம்னு அவகிட்ட கேக்கவே இல்ல."

சரவணா, அந்த நாற்காலியிலிருந்து எழுந்து ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பேன். இரண்டு ஊசி கையில் இருக்கும்போது வெட்கத்துக்குக்கூட எழுந்து போக முடியாது.

தீபாவளிக்கு எல்லாரையும் அழைத்து விருந்து வைத்த திறந்த இல்லத்தன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வாசல் முழுக்கச் செருப்பு, உள்ளே பிரியாணி வாசம், உன் மகள் யாழினி புதுப் பாவாடையில் தடுக்கித் தடுக்கி எல்லாருக்கும் முறுக்கு கொடுத்துக்கொண்டிருந்தாள். மிஸ் ஊய் கேக் பெட்டியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நீ அவருக்குக் குளிர்பானம் கொண்டுவந்து கொடுத்தாய். கொடுத்துவிட்டு நின்றபடியே பேசினாய். "என் அம்மாவுக்கு எல்லாமே கஸ்தூரிதான் மிஸ். குளிக்க வைக்கிறது, சாப்பாடு, மருந்து, டயாலிசிஸ் எல்லாம் அவதான். அவ ஒரு நாள் இல்லன்னா அம்மா அவ்வளவுதான். இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமக கெடைக்கிறது கஷ்டம்." சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் கஸ்தூரியைப் பார்த்தார்கள். அவள் குழம்புக் கரண்டியோடு வெட்கப்பட்டு நின்றாள். மிஸ் ஊய், "குடும்பம்தான் முக்கியம் லா," என்றார். நானும் தலையாட்டினேன். நானேதான் குளிக்கிறேன், நானேதான் சமைக்கிறேன், என் மருந்துப் பெட்டியை நானே பிரித்து வைக்கிறேன். இருந்தாலும் சபையில் பெற்ற பிள்ளை பெருமையாகப் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று இருந்துவிட்டேன். மருமகளைப் புகழ்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு முந்தின வாரம்தான் கஸ்தூரி சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தாள். "மேலிடத்துக்கு என் பேரு போகப்போகுது அத்தே. மூணு மாசம் வெளிநாட்டுல ஹெட் ஆபீஸ்ல டிரெய்னிங். திரும்பி வந்தா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில டயாலிசிஸ் செக்‌ஷன் முழுக்க என் கையில." சொல்லும்போது கையில் இருந்த சோறு அப்படியே இருந்தது. நீயும் அங்கேதான் இருந்தாய். "நல்லது," என்றாய். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாய்.

அதனால் திறந்த இல்லத்தில் நீ தெரியாமல் பேசினாய் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உன்னைப் பெற்றவள் நான். பொய் சொல்லும்போது நீ மிகவும் மரியாதையாகப் பேசுவாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு மிஸ் ஊயிடம் நீ பேசியது போல உன் கல்யாணத்தில்கூட யாரிடமும் பேசவில்லை. அவர்கள் சீனர்கள், தாய் தகப்பனைப் பார்ப்பது என்றால் மறுபேச்சு பேச மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். ஒரு பெண்ணை வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நல்ல மருமகள் என்று சொன்னால் யாராவது சண்டைக்கு வருவார்களா? அவளைப் புகழ்ந்தே கவிழ்த்துவிட்டாய்.

அதற்குப் பிறகு அவள் எப்படி ஆனாள் என்பதை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. மிஸ் ஊய் அவளிடம், "இந்தத் தடவை வேறு ஆளைப் பார்க்கிறோம்," என்று மட்டும் சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறக்கிறவள் திறப்பதை விட்டுவிட்டாள். ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே என்னிடம் சொன்னாள். "நான் அவ்ளோ கெட்டிக்காரி இல்ல போல அத்தே. சும்மா நானா நெனச்சுக்கிட்டேன்." நான், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, அடுத்த தடவ பார்க்கலாம்," என்றேன். பக்கத்து அறையில் நீ யாழினிக்கு வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். உனக்கும் கேட்டிருக்கும்.

அவள் கெட்டிக்காரியா இல்லையா என்பதற்கு நான் சாட்சி. எனக்கு இந்தச் சிகிச்சை தொடங்கிய புதிதில் லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். துணைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, தாதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இயந்திரம் எதற்கெடுத்தாலும் கத்தும். குழாய் லேசாக மடங்கினாலும் கத்தும், கையை அசைத்தாலும் கத்தும், நோயாளிக்கு இரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகிற நிலை என்றாலும் அதே கத்தல்தான். தாதிகள் நடந்துகொண்டே விரலால் தட்டி அதன் வாயை மூடிவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நாள் முழுக்கக் கத்தினால் யார்தான் என்ன செய்வார்கள். கஸ்தூரி அதை உட்கார்ந்து பார்த்தாள். ஒரு தாதி டீ குடிக்கப் போகும்போது கூடவே போய்ப் பேசினாள். தரை துடைக்கும் அக்காவிடம்கூட, "எந்தச் சத்தம் கேட்டா நீங்க திரும்பிப் பார்ப்பீங்க?" என்று கேட்டாள். கம்பெனிக் கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாரும் சத்தத்தைக் கூட்டலாம் என்றார்களாம். இவள் குறைக்கலாம் என்றிருக்கிறாள். சின்ன விஷயத்துக்கு விளக்கு மட்டும் எரியட்டும், உயிர் விஷயத்துக்கு மட்டும் சத்தம் வரட்டும், அந்தச் சத்தம் வேறு எதற்கும் வரக் கூடாது. அப்போது ஒருவர், "நோயாளிங்க யாரும் புகார் பண்ணலையே?" என்று கேட்டாராம். "மயக்கம் போட்டவங்க எப்படிப் புகார் பண்ணுவாங்க?" என்று இவள் திருப்பிக் கேட்டாளாம். அதைச் சொல்லிவிட்டு என் படுக்கையில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிவிட்டது.

இப்போது என் எதிர் வரிசையில் இருக்கும் புதிய இயந்திரம் அவள் சொன்னபடி செய்ததுதான். கத்தினால் தாதி ஓடுகிறாள். அந்தப் பிரிவுக்கு அவளைத் தலைவியாகப் போடாமல் வேறு யாரைப் போடுவார்கள்? வருகிற ஆளும் படித்தவராகத்தான் இருப்பார், நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் இந்த முக்காலியில் அவர் உட்கார்ந்ததில்லை. படுத்திருக்கும் எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

உன் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். தொழிற்சாலை பஸ் ஓட்டுநர் என்பதைத் தவிர அவரைப் பற்றி உனக்குப் பெரிதாக ஞாபகம் இருக்காது. நான் ஆஸ்பத்திரிக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் இருந்தேன். உள்ளே தூசி ஆகாது என்பதால் பவுடர் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது. நாங்கள் எல்லாரும் இறங்குவதற்கு முன்னால் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அவருடைய பஸ் ஜன்னல் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போவோம், திரும்பி வரும்போது எடுத்து வைத்துக்கொள்வோம். "இது பஸ்ஸா, கல்யாண வீட்டுக் கண்ணாடியா?" என்று திட்டுவார். ஆனால் ஒருநாளும் துடைத்துவிட மாட்டார். என்னை சூப்பர்வைசர் ஆக்கியபோதும் அவர் ஓட்டும் பஸ்ஸில்தான் போனேன். மற்ற ஓட்டுநர்கள் சும்மா இருப்பார்களா? "மேடம் ஏறியாச்சா, பஸ்ஸ எடுக்கட்டுமான்னு கேட்டுக்கிட்டு எடு அண்ணே," என்று தினமும் கிண்டல் செய்தார்கள். ஒரு வாரம் அப்பா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றை வைத்தால் பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

அப்போது சொன்னார். "எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது என் வியாதி லா. அதுக்கு நீ ஏன் மருந்து சாப்பிடணும்?"

அதோடு அவர் மகான் ஆகிவிட்டார் என்று எழுத மாட்டேன். அந்தக் கிண்டல் அவரைக் கடைசிவரை சுட்டது. நான் இரவு ஷிப்ட் போன நாட்களில் அவர் வைத்த சார்டின் குழம்பை நீயும் உன் அக்காவும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டீர்கள். சில நாள் எரிச்சலில் பாத்திரத்தைப் போட்டு உடைத்தும் இருக்கிறார். ஆனால் பிள்ளைகள் பாவம் என்றோ தன் அம்மாவுக்கு முடியவில்லை என்றோ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் வேலையை விட்டிருப்பேன். அவருக்கும் அது தெரியும்.

உனக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, தம்பி. நீயும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குத்தான் போகிறாய். டெக்னீஷியனாகச் சேர்ந்தாய், அப்படியே இருக்கிறாய். உன் தொழிற்சாலையில் ஆள் குறைப்பதாகப் பேச்சு ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும், நீ சொல்லாவிட்டாலும். மாமாக் டீக்கடையில் உன் கூட்டாளிகள், "பாஸ் வீட்டுக்காரன் வந்துட்டான், டீயை அவன் கணக்குல போடு," என்று சிரிக்கிறார்கள். நீயும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவை ஓங்கிச் சாத்துகிறாய். அவள் இன்னும் ஒரு படி ஏறிவிட்டால் உன்னைத் திரும்பிப் பார்ப்பாளா என்ற பயம் உனக்கு இருக்கிறது. பயப்படுவது தப்பில்லை. அதை அவளிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவள் உன் தலையைக் கோதி, என்ன செய்யலாம் என்று உன்னோடு உட்கார்ந்து யோசித்திருப்பாள். நீ அந்தப் பயத்துக்கு என் சீக்கைப் போர்த்திவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மிஸ் ஊய் சொன்னதை நேற்றுதான் கஸ்தூரியிடம் சொன்னேன். ஒரு வாரம் மனதில் போட்டுக்கொண்டு திரிந்தேன், குடும்பத்தில் நெருப்பை வைக்கப் போகிறேனோ என்று. ஆனால் தனக்குத் திறமை இல்லை என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள், அதை விட்டுவைக்க முடியவில்லை. அவள் அழவில்லை. பாத்திரத் தொட்டியில் கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு கேட்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சுதான் சொன்னாரா அத்தே?"

"தெரியலம்மா," என்றேன். அது நான் உனக்காகச் சொன்ன கடைசிப் பொய்.

வேறு யார் பெயரும் இன்னும் மேலிடத்துக்குப் போகவில்லை, திங்கட்கிழமைக்குள் கஸ்தூரி வந்து சரி என்று சொன்னால் போதும், ஆனால் வீட்டில் எல்லாருக்கும் சம்மதமாக இருக்க வேண்டும் என்றும் மிஸ் ஊய் அன்று மையத்தில் சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன். நேற்றுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் உன்னிடம் கேட்டாள். திறந்த இல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை, உன்னைக் குற்றம் சொல்லவில்லை. "மூணு மாசந்தான். போகட்டுமா?" என்றுதான் கேட்டாள். நான் அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்ல உனக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. மனதுக்குள் உன்னிடம் கெஞ்சினேன், சொல்லிவிடு ராஜா என்று. நீ சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அம்மாவ யாரு பார்த்துக்கிறது?"

அவள் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

சரவணா, எனக்கு இன்னும் எவ்வளவு காலம் என்று யாருக்கும் தெரியாது. இந்த அறையில் நாற்காலி காலியாவதும் அடுத்த வாரம் புது ஆள் வந்து உட்காருவதும் எங்களுக்குப் பழகிவிட்டது. நான் போன பிறகு நீ வேறு காரணம் தேடுவாய். அப்போது யாழினிதான் கிடைப்பாள். "பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு எப்படி?" என்பாய். அந்தக் குழந்தை, தன்னால்தான் அம்மாவின் வேலை போயிற்று என்று தெரியாமலே வளரும். ஒரு நாள் தெரிந்துகொள்ளும். எனக்கு இந்த வயதில் தெரிந்ததே இப்படி இருக்கிறது, அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். இதைப் படித்ததும் நீ மாறிவிடுவாய் என்றெல்லாம் நான் கனவு காணவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உன்னைப் பார்த்துவிட்டேன். என்னால் முடிந்ததை மட்டும் செய்கிறேன்.

இன்று காலை வேனில் வரும்போதே கெப்பாலா பத்தாஸுக்குப் போன் செய்து உன் அக்காவிடம் பேசினேன். முதலில் அழுதாள், அப்புறம், "வாங்கம்மா, கீழ் ரூம்தான் சும்மா கெடக்கு. ஞாயித்துக்கெழம அவரு காடி ஓட்டிக்கிட்டு வருவாரு," என்றாள். அவள் வீட்டிலிருந்து பக்கத்திலேயே ஒரு மையம் இருக்கிறது, இடமும் இருக்கிறதாம். இங்கே உள்ள பெரிய தாதியிடமும் சொல்லிவிட்டேன், மாற்றலுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றார். எனக்குப் போக ஆசை என்று நினைக்காதே. எனக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை. சுங்கை பினாங்கை விட்டு நான் எங்கேயும் இருந்ததில்லை. யாழினி பள்ளிவிட்டு வந்து என் மடியில் புத்தகப் பையை வீசும் நேரத்தில் நான் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் யாரோ தெரியாதவர்கள் நடுவில் படுத்திருப்பேன். வயதான காலத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான், அதை நானே விட்டுவிட்டுப் போகிறேன்.

மருமகள் மாமியாரைத் துரத்திவிட்டாள் என்று நம் பிளாட்டில் பேசுவார்கள். நீயும் மறுக்காமல் இருந்துவிடுவாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் நேராகக் கீழ் வீட்டுக்காரரிடமும் கோயில் கமிட்டி அம்மாக்களிடமும் நானே சொல்லிவிடப் போகிறேன், மகளோடு கொஞ்ச நாள் இருக்க ஆசைப்பட்டுப் போகிறேன் என்று. இந்தக் கடிதத்தைக் கஸ்தூரியும் படிப்பாள். உனக்குத் தருவதற்கு முன்பே அவளிடம்தான் கொடுக்கப் போகிறேன். நீ தெரிந்துதான் சொன்னாயா என்று அவள் கேட்ட கேள்விக்கு நான் மழுப்பினேன், இதில் மழுப்பவில்லை.

இயந்திரம் ஓடி முடியப் போகிறது, தாதி ஊசி எடுக்க வருகிறாள். திங்கட்கிழமை காலை நீங்கள் மூன்று பேர் மட்டும்தான் அந்த வீட்டில் இருப்பீர்கள். என் அறை காலியாக இருக்கும். அவள் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டும்போது உன்னைத் திரும்பிப் பார்த்து மறுபடி கேட்பாள், எனக்குத் தெரியும். போகக் கூடாது என்று சொல்வதானால் சொல். ஆனால் அந்த நேரத்தில் காரணமாக உன் வாயில் வருவதற்கு நான் அங்கே இருக்க மாட்டேன், நீ மட்டும்தான் இருப்பாய்.

அம்மா